இனிப்பும் நறுமணமும் கூட்டி வேகவைத்த ஆப்பிள்: கொடைக்கானல் சமையலறைகளுக்கான கேள்வி பதில்கள்

கொடைக்கானலிலும் அதைச் சுற்றியுள்ள மலையூர்களிலும் வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரம் வைத்திருப்பவர்களுக்குப் பழம் இறங்கும் பருவத்தில் ஒரே கவலை வருகிறது. பழம் சிறியதாக இருக்கிறது, புளிக்கிறது, அப்படியே கடித்துத் தின்ன வீட்டில் யாரும் கை நீட்டுவதில்லை. இனிப்பும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் போன்ற வாசனைப் பொருள்களும் சேர்த்து மெல்லிய தீயில் வேகவைத்தால், குறையாகத் தோன்றிய அந்தப் புளிப்பே அந்தப் பழத்தின் பெருஞ்சிறப்பாகிவிடும். ஆனால் சமவெளிக்காக எழுதப்பட்ட செய்முறைகள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அப்படியே பலிப்பதில்லை. அதனால் மலையில் சமைப்பவர்களை முதன்மையாக மனத்தில் வைத்து இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. சமவெளியில் இருப்பவர்களுக்கு எங்கே மாற்றம் தேவையோ அங்கே அதையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

இதற்கும் ஆப்பிள் ஜாமுக்கும் என்ன வேறுபாடு?

ஜாமில் பழத்தின் எடைக்கு ஏறத்தாழ இணையான அளவு சர்க்கரை சேர்கிறது. பழம் உருத்தெரியாமல் கரைந்து, ஆறியதும் இறுகி நிற்கும் வரை அதைக் காய்ச்சுகிறோம். இங்கே பழத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இனிப்பு சேர்கிறது. துண்டுகள் உருக்குலையாமல் மென்மையாகி, தம் சாற்றிலேயே உண்டான நீர்த்த பாகில் பளபளப்பாக நிற்க வேண்டும். ஸ்பூனால் அழுத்தினால் உடைய வேண்டும், எடுக்கும்போது உடையக் கூடாது. சர்க்கரை குறைவு என்பதால் ஜாமைப் போல இதை மாதக்கணக்கில் வெளியே வைத்திருக்க முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த ஆப்பிள் இதற்கு ஏற்றது?

வேகவைப்பதற்குப் புளிப்பும் கெட்டித்தன்மையும் சேர்ந்த பழமே ஏற்றது. இனிப்பு மட்டுமே உள்ள பழத்தோடு சர்க்கரையைச் சேர்த்தால் நாக்கில் தட்டையான ஒரு தித்திப்புதான் மிஞ்சும். பழத்திலுள்ள மாலிக் அமிலம்தான் பட்டையையும் கிராம்பையும் தாங்கி நிற்கும் சுவையைத் தருகிறது.

குளிர்நாட்டு ஆப்பிள் வகைகள் பலவற்றுக்குப் பூத்துக் காய்ப்பதற்கு முன்பு 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரமாவது தேவைப்படுகிறது. பழனி மலைக் குளிர் அந்த அளவுக்கு நீடிப்பதில்லை என்பதால், குறைந்த குளிரிலேயே காய்க்கக்கூடிய சில வகைகள்தாம் இங்கே நிலைத்தன. பார்லின்ஸ் பியூட்டி அவற்றுள் ஒன்று. காஷ்மீரிலிருந்தும் இமாசலப் பிரதேசத்திலிருந்தும் வரும் செக்கச் சிவந்த பழங்களுக்குப் பக்கத்தில் இங்கே விளைபவற்றை வைத்தால் கண்ணுக்கு எடுப்பாக இருக்காது. சட்டியில் ஏறிய பிறகு நிலைமை வேறு. என் கருத்தில், வீட்டு மரத்தின் புளித்த பழத்தைக் கோழிக்குப் போட்டுவிட்டுக் கடையில் விலை கொடுத்துச் சிவப்பு ஆப்பிள் வாங்கி வந்து இதைச் செய்வது வீண்.

கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றால், இறக்குமதியாகும் பச்சை நிற கிரானி ஸ்மித் நன்றாக வரும். மஞ்சள் நிற கோல்டன் டெலிசியஸ் துண்டு உடையாமல் நிற்கும், ஆனால் புளிப்பு போதாது என்பதால் எலுமிச்சம் பழச் சாறு வேண்டும். வடக்கிலிருந்து மிகுதியாக வரும் ரெட் டெலிசியஸ் வகையை ஆவணி முதல் கார்த்திகை வரை, அதாவது புதிதாகப் பறித்து வரும் மாதங்களில் மட்டும் பயன்படுத்தலாம். குளிர்பதனக் கிடங்கில் நெடுநாள் இருந்து பங்குனி, சித்திரையில் வருபவை பெரும்பாலும் உள்ளே மாவாகிப் போயிருக்கும். அவை கடைந்த கூழுக்கு உதவுமே தவிரத் துண்டுக்கு உதவா. ஐயம் இருந்தால் ஒரு பழத்தை வெட்டி ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று உடைந்து, சாறு வந்து, கன்னத்தின் உட்புறம் சற்றுக் கூசினால் அந்தப் பழத்தை நம்பி அடுப்பில் ஏற்றலாம்.

காற்றில் உதிர்ந்த பழங்களையும் அடிபட்டவற்றையும் பயன்படுத்தலாமா?

அடிபட்ட இடம் பழுப்பாகி மென்மையானது மட்டும் என்றால் அதை வெட்டி நீக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். பூசணம் பிடித்த பழம், உள்நடு கறுத்து அழுகிய பழம் ஆகியவற்றை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டும். சில பூசணங்கள் ஆப்பிளில் உண்டாக்கும் பாட்டுலின் என்ற நஞ்சு வேகவைப்பதால் முற்றிலும் அழிவதில்லை. கெட்ட இடத்தை மட்டும் சீவி எடுத்தால் போதும் என்று எண்ணுவது இங்கே பொருந்தாது. முற்றாமல் உதிர்ந்த பிஞ்சுகளில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது. அவை வெந்தாலும் பாகு தெளியாமல் குழகுழவென்று இருக்கும்.

அளவும் செய்முறையும் என்ன?

ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவி, நடுத்தண்டும் விதையும் நீக்கினால் ஏறத்தாழ 750 முதல் 800 கிராம் சதை கிடைக்கும். மலையில் விளையும் சிறிய பழங்களில் கழிவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அந்தச் சதைக்குப் புளிப்பான பழமானால் 150 கிராம், இனிப்பான பழமானால் 100 கிராம் நாட்டுச்சர்க்கரையோ வெள்ளைச் சர்க்கரையோ போதும். தண்ணீர் முக்கால் டம்ளர், அதாவது 150 மி.லி. இவற்றோடு ஒரு விரல் நீளப் பட்டை, 4 கிராம்பு, 4 ஏலக்காய், கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி நெய் ஆகியவை தேவை. இனிப்பு வகைப் பழமானால் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சம் பழச் சாறும் வேண்டும்.

பழத்தைப் பெருவிரல் பருமனுள்ள துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவில் இருக்குமாறு நறுக்க வேண்டும். அளவு மாறினால் சிறியவை கரைந்த பிறகும் பெரியவை வேகாமல் நிற்கும். அடிகனமான, வாய் அகன்ற பாத்திரத்தில் நெய்யை உருக்கி, பட்டையையும் கிராம்பையும் அதில் போட்டு, மணம் எழும்பியதும் கருகவிடாமல் உடனே தண்ணீரையும் சர்க்கரையையும் உப்பையும் சேர்க்க வேண்டும். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் துண்டுகளைப் போட்டு, எலுமிச்சம் பழச் சாறு சேர்ப்பதாக இருந்தால் அதையும் ஊற்றி, ஒரு முறை மெல்லப் புரட்டிவிட்டு மூடிவிட வேண்டும். தீ மிதமானதற்கும் சற்றுக் கீழே இருக்கட்டும். கொடைக்கானலில் இந்த மூடிய நிலையில் 12 முதல் 15 நிமிடம் ஆகும். இடையில் ஒரே ஒரு முறை, அகப்பையை அடியில் கொடுத்து மேலே தூக்கிப் புரட்ட வேண்டும், கிண்டக் கூடாது. துண்டின் விளிம்பு கண்ணாடியைப் போல் தெளிந்து, நடுவில் மட்டும் ஒரு வெண்மை தெரியும்போது மூடியை எடுத்துவிட்டு, இன்னும் 5 முதல் 8 நிமிடம் திறந்த நிலையில் வைத்தால் சாறு சுண்டிப் பாகாகும். விரலிடையே தொட்டால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும். கம்பிப் பதம் வரை போகத் தேவையில்லை, ஆறும்போது அதுவாகவே மேலும் இறுகும். ஏலக்காய்ப் பொடியையும் சுக்குப் பொடியையும் அடுப்பை அணைத்த பிறகு தூவி, மறுபடி மூடிப் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு உடனே பரிமாறுபவர்கள் பலர். பாகு துண்டுக்குள் ஊறுவது அந்த நேரத்தில்தான் என்பதால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சமையல் குறிப்புகளில் 8 நிமிடம் என்று போட்டிருக்கிறது. இங்கே ஏன் அதற்குள் வேகவில்லை?

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது. கொடைக்கானலில் அது 93 டிகிரியை ஒட்டி நிற்கிறது. உதகமண்டலம் இன்னும் சற்று உயரம் என்பதால் அங்கும் ஏறத்தாழ அதே நிலைதான். பருப்பு வேகாமல் மல்லுக்கட்டும் மலைவாசிகளுக்கு இது புதிய செய்தி அன்று. ஆப்பிளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் சூட்டில் கரைவதால்தான் பழம் மென்மையாகிறது, 7 டிகிரி குறைந்த கொதியில் அந்தக் கரைதல் மெதுவாக நடக்கிறது. தீயைக் கூட்டினால் தண்ணீர் விரைவாக ஆவியாகுமே தவிரச் சூடு ஏறாது. அடி பிடித்து, மேலே வேகாமல் போவது இப்படித்தான். ஆகவே மலையில் இரண்டு மாற்றங்கள் வேண்டும்: ஆவி வெளியேறாத மூடி, சமவெளியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம்.

இந்தத் தாமதத்தில் ஒரு நன்மையும் உண்டு. பழம் கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாவதால் சரியான பதத்தைப் பிடிக்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது. வத்தலக்குண்டிலோ மதுரையிலோ இதே பழத்தைச் செய்யும்போது இரண்டு நிமிடக் கவனக்குறைவில் துண்டு கூழாகிவிடும். சமவெளியில் செய்பவர்கள் மூடிய நேரத்தை 8 முதல் 10 நிமிடமாகக் குறைத்துக்கொண்டு, தண்ணீரையும் அரை டம்ளராக்கிக்கொள்ளலாம்.

சர்க்கரைப் பாகின் பதத்தை வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான். புத்தகத்தில் போட்டிருக்கும் சூட்டிலிருந்து 7 டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும். விரலால் தொட்டுப் பதம் பார்ப்பவர்களுக்கு உயரம் ஒரு பொருட்டே அன்று.

துண்டுகள் சில நேரம் கரைந்துவிடுகின்றன, சில நேரம் தோல்போல இறுகுகின்றன. ஏன்?

பழ வகையை விட்டுவிட்டால், சர்க்கரையைச் சேர்க்கும் நேரமே இதற்குப் பெரும்பாலும் காரணம். சர்க்கரை கரைந்த நீரில் வேகும் துண்டு மெதுவாக மென்மையாகும், உருவமும் நிற்கும். வெறும் தண்ணீரில் வெந்த துண்டு விரைவில் குழையும். துண்டாக வேண்டுமானால் சர்க்கரையை முதலிலேயே சேர்க்க வேண்டும், கூழாக வேண்டுமானால் பழம் வெந்து மசிந்த பிறகு சேர்க்க வேண்டும். சர்க்கரையை அளவுக்கு மீறிப் போட்டுத் தண்ணீரைக் குறைத்துவிட்டால், அடர்ந்த பாகு துண்டிலுள்ள நீரை இழுத்துவிடுவதால் அது சுருங்கிச் சவ்வாகிறது. அப்போது கால் டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் ஓரளவு மீளும்.

வாசனைப் பொருள்களில் எவை கட்டாயம்? எப்போது சேர்க்க வேண்டும்?

பட்டை ஒன்றுதான் கட்டாயம். ஆப்பிளின் மணத்தோடு அது இணைவதைப்போல வேறெதுவும் இணைவதில்லை. கடைகளில் பட்டை என்ற பெயரில் கிடைப்பவை இரண்டு வகை. தடித்து, கெட்டியாக, ஒரே சுருளாக இருப்பது காசியா, காரம் மிகுந்தது. மெல்லிய ஏடுகள் பல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் எளிதில் பொடியாவது இலங்கைப் பட்டை, அதன் மணத்தில் ஓர் இனிமை இருக்கும். பிரியாணிக்குக் காசியா சிறந்தது. இந்தப் பழத்துக்கு இலங்கைப் பட்டையையே பரிந்துரைக்கிறேன். அன்றாடம் பட்டை சேர்த்து உண்பவர்களுக்கு இதில் உடல்நலக் காரணமும் உண்டு. காசியாவில் மிகுதியாக உள்ள குமரின் என்ற பொருள் தொடர்ந்து அதிக அளவில் உட்கொண்டால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும், இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு.

கிராம்பை எண்ணிப் போட வேண்டும். 4 என்பது ஒரு கிலோவுக்கான மேல் எல்லை. அதற்கு மேல் போனால் பழத்தின் மணம் மறைந்து பல்வலி மருந்தின் மணம்தான் வரும். பட்டையும் கிராம்பும் கடினமான பொருள்கள், அவற்றின் எண்ணெய் வெளிவர நேரம் ஆகும் என்பதால் முழுதாக, முதலிலேயே சேர்க்க வேண்டும். பரிமாறுவதற்கு முன்பு எடுத்துவிடுவது நல்லது. ஏலக்காயின் மணம் கொதியில் பறந்துவிடும், ஆகவே அது கடைசியில் சேர வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப் பழனி மலையூர்களில் விளையும் ஏலக்காயும் மிளகும் கிடைக்கும்போது, தூளாக வாங்காமல் காயாக வாங்கி அன்றன்றைக்கு இடித்துக்கொள்ளுங்கள். மிளகு என்றதும் சிலர் தயங்குவார்கள். 5, 6 மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி நெய்யில் பொரித்துச் சேர்த்துப் பாருங்கள், இனிப்பின் அடியில் ஒரு மெல்லிய சூடு நிற்கும், மழை நாளில் அதைவிட இதமானது இல்லை. ஜாதிக்காய் சேர்க்க விரும்பினால் இரண்டு முறை துருவுகல்லில் இழைத்தால் போதும். அன்னாசிப்பூ எனக்கு இதில் உவப்பாக இல்லை, ஒரு இதழுக்கு மேல் போனால் அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை, தேன்: எதைச் சேர்ப்பது?

நாட்டுச்சர்க்கரைக்கே என் முதல் வாக்கு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் பெற்ற கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கிடைத்தால் மிகச் சிறப்பு, அதன் மெல்லிய கருப்பஞ்சாற்று மணம் பட்டையோடு நன்றாகப் பொருந்துகிறது. உருண்டை வெல்லமானால் அந்த முக்கால் டம்ளர் தண்ணீரிலேயே கரைத்து வடிகட்டிய பிறகு பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் மண் நெருடும். கருப்பட்டியின் மணம் தன்னளவில் அழகானது, ஆனால் அது முன்னுக்கு வந்து ஆப்பிளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. பழத்தின் நிறம் வெளிர்பொன்னாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு வெள்ளைச் சர்க்கரையே வழி.

மலைத்தேனைக் கொதிக்கவைப்பது அதன் மணத்தை வீணாக்குவதாகும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு தேனைக் கலக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது, குழந்தையின் குடலில் நஞ்சு உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துக்கள் தேனில் இருக்கக்கூடும்.

எந்தப் பாத்திரம்?

எவர்சில்வர், எனாமல், பழகிய மண்சட்டி ஆகியவை ஏற்றவை. ஆப்பிளின் அமிலம் இரும்போடு சேர்ந்தால் பழம் கறுத்து, நாக்கில் துருச்சுவை வரும். பூச்சில்லாத அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் அமிலத்தில் கரையும் என்பதால் வேண்டா. அடி மெல்லிய பாத்திரம்தான் இருக்கிறது என்றால் அதைத் தோசைக்கல்லின் மேல் வைத்து வேகவைக்கலாம்.

குக்கரில் வைக்கலாமா?

மலையில் எல்லாவற்றுக்கும் குக்கர் கைகொடுக்கிறது என்பதால் இந்தக் கேள்வி இயல்பானது. ஆனால் ஆப்பிளை நேரடியாகக் குக்கரில் போட்டு வேகவைப்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். வேகும் ஆப்பிள் நுரைத்துப் பொங்கும். அந்த நுரையும் கூழும் ஆவி வெளியேறும் துளையை அடைத்தால் ஆபத்து. கூழ்தான் வேண்டும், நேரமும் இல்லை என்றால், துண்டுகளை ஒரு கிண்ணத்தில் பாதி அளவுக்கு மட்டும் போட்டு மூடி, குக்கரின் அடியில் தண்ணீர் விட்டு அதற்குள் வைத்து, ஒரு விசில் வந்ததும் அணைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகு திறக்கலாம். துண்டு நிற்க வேண்டுமானால் குக்கர் உதவாது.

தோலைச் சீவத்தான் வேண்டுமா? நறுக்கிய பழம் கறுக்காமல் இருக்க என்ன செய்வது?

வீட்டு மரத்துப் பழத்தின் தோல் மெல்லியதாக இருந்தால் விட்டுவிடலாம். பாகுக்கு இளஞ்சிவப்பு நிறம் ஏறும், நார்ச்சத்தும் கூடும். ஆனால் வெந்த தோல் சதையிலிருந்து பிரிந்து சுருளும், வயதானவர்களுக்கு மெல்லச் சிரமமாக இருக்கும். வெளியிலிருந்து வரும் பழங்களின் மேல் மெழுகு பூசப்பட்டிருப்பதால் அவற்றைச் சீவிவிடுவதே நல்லது. விதைகளைக் கட்டாயம் நீக்க வேண்டும், நொறுங்கினால் கசக்கும், அவற்றிலுள்ள அமிக்டலின் சயனைடை வெளிவிடக்கூடியது.

நறுக்கிய சதை பழுப்பாவது அதிலுள்ள ஒரு நொதி காற்றுடன் சேர்வதால். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து, துண்டுகளை அதில் நறுக்கி நறுக்கிப் போட்டால் நிறம் மாறாது. நாட்டுச்சர்க்கரையில் செய்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டா.

ஆப்பிளுக்குப் பதிலாகப் பேரிக்காயைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பெருமாள்மலை, வில்பட்டி, செண்பகனூர்ப் பக்கம் பருவத்தில் கூடைகூடையாக வரும் நாட்டுப் பேரிக்காய், கடித்தால் மணல்போல் நறநறக்கும் கெட்டிப் பழம். பச்சையாக உண்ணும்போது குறையாகத் தெரியும் அந்தக் கெட்டித்தன்மை வேகவைக்கும்போது பயன் தருகிறது, அரை மணி நேரம் கொதித்தாலும் துண்டு உடையாது. ஆப்பிளைவிட அதில் புளிப்பு குறைவு என்பதால் எலுமிச்சம் பழச் சாறு கட்டாயம், மூடிய நேரமும் 25 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. பட்டையைக் குறைத்து ஏலக்காயையும் சுக்கையும் கூட்டினால் பேரிக்காய்க்குப் பொருந்தும். பாதி ஆப்பிள், பாதி பேரிக்காய் என்று செய்தால் பேரிக்காயைப் பத்து நிமிடம் முன்னதாகப் போட வேண்டும். வைகாசியில் பிளம்ஸ் பழுக்கும்போது இரண்டு பழங்களைக் கொட்டை நீக்கிக் கூடச் சேர்த்தால் புளிப்பும் நிறமும் ஒருங்கே கிடைக்கும்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? மார்கழிக் குளிரில் வெளியே வைக்கலாமா?

சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். உறைநிலைப் பெட்டியில் ஆறு மாதம் வரை வைக்கலாம், துண்டு சற்றுத் தளரும், சுவை குறையாது.

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானல் சமையலறையே குளிர்பதனப் பெட்டிதானே என்று பலர் எண்ணுகிறார்கள். இரவில் அது ஓரளவு உண்மை. ஆனால் பகலில் வெயில் விழும்போது சமையலறை 15 டிகிரியைத் தாண்டிவிடும். உணவு கெடாமல் இருக்க வேண்டிய சூடு 5 டிகிரியும் அதற்குக் கீழும்தான். வெளியே வைத்த பழம் இரண்டாம் நாளே நுரைக்கத் தொடங்கலாம். நுரை, கள் மணம், மூடி உப்புதல், மேலே வெண்படலம் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் எறிந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் நெடுநேரம் இல்லாமல் போகும் வீடுகளில் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் செய்வதே அறிவு.

பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். ஆப்பிள் இயல்பாகவே அமிலம் மிகுந்த பழம் என்பதால் கொதிநீரில் மூழ்கவைத்துக் காப்பது அதற்குப் போதுமானது. நெய்யை முற்றிலும் விலக்கிவிட்டு, எந்தப் பழமானாலும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சம் பழச் சாறு சேர்த்து வேகவைக்க வேண்டும். கொதிக்கும் பழத்தை, வெந்நீரில் சூடேற்றிய அரை லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில், மேலே ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்ப வேண்டும். துண்டுகள் பாகில் மூழ்கியிருக்க வேண்டும், உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. காற்றுப்புகாப் புது மூடி போட்டு, அடியில் துணி விரித்த உயரமான அண்டாவில் பாட்டிலுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்குமாறு வைத்துக் கொதிக்கவிட வேண்டும். சமவெளியில் கொதி வந்த பிறகு 20 நிமிடம் போதும். கொடைக்கானல், உதகமண்டலம் போன்று 1,800 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் 35 நிமிடம் கொதிக்க வேண்டும். கொதிநிலை குறைவதை நேரத்தால் ஈடுகட்டும் கணக்கு இது என்பதால் இதில் ஒரு நிமிடத்தையும் குறைக்கக் கூடாது.

ஆறிய பிறகு மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தினால் டப்பென்று மேலெழும்பும் மூடி சரியாக அடைபடவில்லை, அந்தப் பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள். பழைய ஊறுகாய்ப் பாட்டிலின் தேய்ந்த மூடியும், ஞெகிழி டப்பாவும் இந்த வேலைக்கு உதவா.

எதனோடு உண்ணலாம்?

சூடான ஆப்பத்தின் நடுவில் இரண்டு கரண்டி வைத்து உண்பது எனக்கு மிகவும் பிடித்தமானது. நெய்த் தோசை, சப்பாத்தி, ராகிக் கூழ், ரொட்டி ஆகிய எல்லாவற்றோடும் சேரும். கெட்டித் தயிரில் குளிர்ந்த பழத்தைக் கலந்து கொடுத்தால் காய்ச்சலில் வாய் கசந்தவர்களும் உண்பார்கள். சூடான பாலில் மட்டும் நேரடியாகக் கலக்காதீர்கள், பழத்தின் அமிலத்தால் பால் திரிந்துவிடும். ஆறிய பால் பாயசத்தில் பரிமாறும் நேரத்தில் சேர்த்தால் திரியாது.

நீரிழிவு உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் உண்ணலாமா?

100 கிராம் ஆப்பிளில் இயல்பாகவே ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உண்டு. மேலே சொன்ன அளவில் 150 கிராம் சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்தால், 100 கிராம் பண்டத்தில் மொத்தச் சர்க்கரை 25 கிராமைத் தாண்டிவிடும். நாட்டுச்சர்க்கரையில் செய்தது என்பதால் இந்தக் கணக்கு மாறாது, அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும். நீரிழிவு உள்ளவர்களுக்காக இனிப்பே சேர்க்காமல், இயன்றவரை தோலோடு, பட்டையும் ஏலக்காயும் மட்டும் போட்டு வேகவைத்துச் சிறிதளவு கொடுக்கலாம். இதற்கு மட்டும் இனிப்பான பழத்தைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு உண்ணலாம் என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குச் சர்க்கரை, உப்பு, கிராம்பு எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் குழைய வேகவைத்து, கட்டியில்லாமல் மசித்துக் கொடுக்கலாம். பச்சை ஆப்பிள் துண்டு தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், இந்த வயதில் வேகவைத்த பழமே பாதுகாப்பானது.

சீவிய தோலையும் நடுத்தண்டையும் என்ன செய்வது?

மெழுகு பூசாத, மருந்தடிக்காத வீட்டுப் பழமானால் எறிய வேண்டா. பெக்டின் மிகுதியாக இருப்பது தோலிலும் நடுத்தண்டிலும்தான். விதைகளை எடுத்துவிட்டு, அவற்றை மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்து வடிகட்டினால் வழவழப்பான ஒரு நீர் கிடைக்கும். அடுத்த முறை பழம் வேகவைக்கும்போது வெறும் தண்ணீருக்குப் பதிலாக இதை ஊற்றினால், கூடுதல் சர்க்கரை இல்லாமலே பாகு திரண்டு துண்டைப் பற்றிக்கொள்ளும். இந்த நீர் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டுச் சூடாகக் குடிக்கவும் நன்றாக இருக்கும்.